யோனாவின் பெரிய மீனும் நம் கடலுக்கு வந்த லுபானும்



ஞாயிறு மறைக்கல்வி வகுப்பில் ஒருநாள் யோனா இறைவாக்கினரின் வரலாற்றைச் சொல்லி முடித்தோம். ஏழாம் வகுப்பில் படிக்கும் ஒரு தம்பி எழுந்து, "சாமி, இது இப்பவும் நடந்திருக்கு. எங்க அண்ணன் போன்ல இருக்கு" என்றான். பிள்ளைகள் எல்லோரும் சிரித்தார்கள். வகுப்பு முடிந்ததும் கோயில் தாழ்வாரத்தில் அந்த அண்ணனை நிறுத்திப் படத்தைப் பார்த்தோம். ஒருமுறை பார்த்து நம்ப முடியாமல் நான்கு முறை பார்த்தோம் என்பதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறோம்.

அது 2025 பிப்ரவரியில் தென் அமெரிக்காவின் தென்கோடியில், சிலி நாட்டின் மகெல்லன் நீரிணையில் எடுத்த படம். தந்தையும் மகனும் ஆளுக்கொரு காற்றடைத்த சிறு படகில் துடுப்புப் போட்டுச் செல்கிறார்கள். தந்தை தம் படகிலிருந்து மகனைப் படமெடுத்துக்கொண்டிருக்கிறார். திடீரென்று நீர் பிளந்து, பெரிய வாய் ஒன்று மேலே வந்து, மகனையும் அவருடைய மஞ்சள் படகையும் சேர்த்து மூடிக்கொள்கிறது. சில நொடிகளில் மகன் மீண்டும் நீருக்கு மேலே மிதக்கிறார், காயம் ஏதுமில்லை. அந்த நேரத்தில் தந்தையின் குரல் பதறவில்லை. மகனை அமைதியாக இருக்கச் சொல்கிறது. பிள்ளை பெற்றவர்கள் அந்த இடத்தைத்தான் மறுபடியும் பார்ப்பார்கள்.

விழுங்க வந்தது கூன்முதுகுத் திமிங்கலம். விழுங்க வந்தது என்று எழுதிவிட்டோம், அது சரியல்ல. அது மனிதனைத் தேடி வரவில்லை. இந்தத் திமிங்கலத்துக்குக் கடித்து மெல்லும் பற்கள் கிடையாது. மேல்தாடையிலிருந்து சீப்புப்போல் தட்டுகள் தொங்குகின்றன. கூட்டமாகத் திரியும் சிறு மீன்களையும் கூனி இறால் போன்ற உயிர்களையும் கண்டால், கீழிருந்து வேகமாக மேலேறி வாயை அகலத் திறந்து, நீரோடு சேர்த்து அள்ளும். பிறகு நீரைச் சீப்பின் வழியே வெளியே தள்ளிவிட்டு மீனை மட்டும் விழுங்கும். வாய்க்காலில் கூடையை வைத்து நீரோடு மீனை வாரி, நீரை வடிய விடுகிறோமே, அதே வேலைதான். அந்த வாய்க்குள் ஒரு மனிதன் தாராளமாக அடங்குவான். தொண்டையோ சிறியது, எவ்வளவு விரிந்தாலும் ஏறத்தாழ ஓர் அடி அகலம், அவ்வளவே. ஆகவே மீன் கூட்டத்துக்கு மேலே தற்செயலாக நின்ற படகு வாய்க்குள் அகப்பட்டது. வேண்டாத பொருள் என்று தெரிந்ததும் அது துப்பிவிட்டது.

"அப்படின்னா யோனா கதை?" என்று அந்தத் தம்பி விடவில்லை. விவிலியத்தில் இருப்பது 'பெரிய மீன்' என்ற சொல்தான். அதைத் திமிங்கலம் ஆக்கியவர்கள் ஓவியர்களும் கதை சொல்லும் நாமும். யோனா நூல் நமக்குச் சொல்ல வருவது மீனின் தொண்டை அளவைப் பற்றியது அன்று என்று சொல்லி, அந்த ஆராய்ச்சியை வேறொரு ஞாயிற்றுக்குத் தள்ளிவைத்தோம். ஆனால் அவன் கேட்ட அடுத்த கேள்வி நம்மை யோசிக்க வைத்தது. "சாமி, இது நம்ம கடல்ல இருக்கா?"

குடமுருட்டிக் கரையில் வாழும் நமக்குக் கடல் என்றால் வேளாங்கண்ணிதான். ஆகஸ்டு மாதக் கடைசியில் காவி உடுத்தி நடந்து போய், கொடியேற்றம் பார்த்து, அலையில் காலை நனைத்துவிட்டுத் திரும்புகிறோம். 2004 டிசம்பருக்குப் பிறகு அந்த அலையைப் பார்க்கும்போதே கொஞ்சம் பயமும் சேர்ந்துவிட்டது. அதற்கப்பால் என்ன இருக்கிறது என்று நாம் கேட்டதில்லை. நெல் விளையும் ஊருக்குத் திமிங்கலம் எதற்கு என்று நினைக்கலாம். கொஞ்சம் பொறுத்திருங்கள், நம் குறுவைக்கும் அதற்கும் ஓர் உறவு இருக்கிறது.

முதலில் அதன் உருவம். முழு வளர்ச்சி பெற்ற கூன்முதுகுத் திமிங்கலம் நாற்பது முதல் ஐம்பது அடி நீளம் இருக்கும். நம் மீனவர்கள் ஓட்டும் ஃபைபர் படகு அதைவிடக் குட்டை. எடை ஏறத்தாழ 30 டன் வரை போகும். நெல் மூட்டை ஏற்றிய மூன்று லாரிகளை நினைத்துக்கொள்ளுங்கள். பக்கத்துக்கு ஒன்றாக இருக்கும் நீண்ட துடுப்பு, தென்னை மட்டையின் நீளம். ஆழத்துக்குப் போகும்முன் முதுகை வளைத்துக் கூனிக் காட்டுவதால்தான் இந்தப் பெயர். இவ்வளவு பெரிய உடம்பை நீருக்கு மேலே முழுதாகத் தூக்கிப் போட்டுக் குதிப்பதும் உண்டு. ஆண் திமிங்கலம் மணிக்கணக்கில் பாடும். இது மீன் இனம் அல்ல. நம்மைப்போல் மூச்சு விடுகிறது, குட்டி ஈன்று பால் கொடுக்கிறது.

உலகின் மற்றக் கடல்களில் வாழும் கூன்முதுகுத் திமிங்கலங்கள் நாடோடிகள். கோடையில் துருவக் கடலுக்குப் போய் வயிறு நிறையத் தின்னும். குளிர்காலத்தில் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் நீந்தி வெப்பமான கடலுக்கு வந்து குட்டி போடும். அந்த மாதங்களில் ஏறக்குறைய பட்டினிதான். அரபிக் கடலில் வாழும் கூட்டம் மட்டும் இப்படிப் போவதில்லை. ஆண்டு முழுவதும் அதே கடலில் தின்று, அதே கடலில் குட்டி போட்டு வாழ்கிறது. மரபணுவை ஆராய்ந்தவர்கள், இந்தக் கூட்டம் மற்றவற்றிலிருந்து பிரிந்து ஏறத்தாழ 70,000 ஆண்டுகள் ஆகியிருக்கலாம் என்று கணக்கிட்டிருக்கிறார்கள்.

வெப்பக் கடலில் ஆண்டு முழுவதும் இவற்றுக்குச் சாப்பாடு எங்கிருந்து வருகிறது? தென்மேற்குப் பருவக்காற்றுதான் காரணம். ஜூன் மாதத்தில் அந்தக் காற்று குடகு மலையில் மோதி மழையாகப் பெய்து காவிரியில் இறங்குகிறது. மேட்டூரில் ஜூன் 12 திறக்குமா என்று நாம் காத்திருப்பது அந்தத் தண்ணீருக்காகத்தான். அதே காற்று, மலையை எட்டும் முன்பே, கடலில் இன்னொரு வேலையைச் செய்துவிடுகிறது. ஓமான் நாட்டுக் கரையை ஒட்டி வேகமாக வீசி மேல்நீரைக் கரையைவிட்டு வெளியே தள்ளுகிறது. அந்த இடத்தை நிரப்ப, ஆழத்தில் கிடக்கும் குளிர்ந்த நீர் மேலே வருகிறது. அடியில் தேங்கிய சத்தெல்லாம் வெளிச்சத்துக்கு வந்ததும் கண்ணுக்குத் தெரியாத நுண்பாசி பெருகுகிறது. அதைத் தின்னச் சிறு உயிர்கள் வருகின்றன. பின்னாலேயே மத்தி மீன் கூட்டம் வருகிறது. கேரளக் கரையிலும் அளவில் குறைவாக இதேதான் நடக்கிறது. வண்டல் வந்து படிந்தபின் வயல் எப்படியோ அப்படி ஆகிவிடுகிறது கடல். பிறகு ஏன் துருவத்துக்குப் போகவேண்டும்? நம் வயலுக்கு நீர் கொண்டுவரும் காற்றுதான் அந்தத் திமிங்கலத்துக்கும் பந்தி விரிக்கிறது.

இனி அந்தத் தம்பியின் கேள்விக்கு விடை. ஆம், நம் கடலுக்கும் வந்திருக்கிறது. 2017 நவம்பரில் ஓமான் கடலில் ஆராய்ச்சியாளர்கள் சிறு படகில் ஒரு பெண் திமிங்கலத்தை நெருங்கி, செயற்கைக்கோளுக்குச் செய்தி அனுப்பும் கருவி ஒன்றை அதன் முதுகில் பொருத்தினார்கள். அதற்கு 'லுபான்' என்று பெயர். அரபு மொழியில் லுபான் என்றால் சாம்பிராணி. அதன் வாலின் அடிப்பக்கத்தில் சாம்பிராணி மரம்போல ஒரு வடிவம் இருந்ததால் அப்படி அழைத்தார்கள். ஒவ்வொரு கூன்முதுகுத் திமிங்கலத்தின் வாலிலும் கறுப்பு வெள்ளைக் கோலம் வேறு வேறாக இருக்கும், நம் கைரேகைபோல. வாலைப் படமெடுத்துத்தான் இன்னது இன்னாரென்று அடையாளம் வைக்கிறார்கள். ஓமானின் தெற்குப் பகுதி பழங்காலத்திலிருந்தே சாம்பிராணிக்குப் பேர்போன நாடு. ஞானிகள் குழந்தை இயேசுவுக்குக் கொண்டுவந்த மூன்று காணிக்கைகளில் ஒன்று அந்த மரத்தின் பிசின்.

லுபான் ஓமான் கரையை விட்டுக் கிளம்பி நேராகக் கிழக்கே வந்தது. அரபிக் கடலைக் குறுக்கே கடந்து இந்தியாவின் மேற்குக் கரையை அடைந்து, தெற்கே இறங்கி நம் குமரி முனைவரை வந்தது. பிறகு வந்த கடலையே மறுபடி கடந்து ஓமானுக்குத் திரும்பிவிட்டது. இந்தத் திமிங்கலங்கள் இரு கரைக்கும் போய்வருகின்றன என்பது அப்போதுதான் கண்கூடாகத் தெரிந்தது. அதே நவம்பர் கடைசியில்தான் ஒக்கி புயல் குமரிக் கடலில் வீசியது. கடற்கரைப் பங்குகளில் எத்தனையோ குடும்பங்கள் கரை திரும்பாதவர்களுக்காக அழுதுகொண்டிருந்த அந்தப் பனிக்காலத்தில், அந்தக் கடலின் மேலேதான் இந்த உயிரும் தன்னந்தனியாகப் போய்வந்திருக்கிறது. இரண்டையும் ஒன்றாக நினைக்கும்போது நமக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை.

இந்தக் கூட்டத்தில் இன்று எத்தனை இருக்கின்றன தெரியுமா? ஓமான் கடலில் 2000 முதல் 2004 வரை எடுத்த படங்களை வைத்துக் கணக்கிட்டபோது கிடைத்த மதிப்பீடு 82. நூறுகூட இல்லை. நம் பங்கில் ஒரு அன்பியத்தில் இருப்பவர்களின் எண்ணிக்கை அது. இவ்வளவு குறைந்ததற்கு ஒரு காரணம், 1965, 1966 ஆண்டுகளில் சோவியத் வேட்டைக் கப்பல்கள் இந்தக் கடலில் 242 கூன்முதுகுத் திமிங்கலங்களைக் கொன்றது. அந்தக் கணக்கை அன்று யாருக்கும் காட்டவில்லை; சோவியத் நாடு கலைந்தபின் 1990-களில்தான் உண்மை எண்ணிக்கை வெளிவந்தது. இன்று ஈட்டி எறிபவர் இல்லை. மாறாக, வலை இருக்கிறது, கப்பல் இருக்கிறது. ஓமானில் படமெடுத்த திமிங்கலங்களில் ஏறத்தாழ மூன்றில் ஒன்றின் வால் பகுதியில், வலையோ கயிறோ சுற்றியதால் வந்ததாகத் தோன்றும் தழும்பு இருக்கிறது.

எனவே இந்த விலங்கின் வாழ்வும் சாவும் பெரும்பாலும் ஒரு சிறு படகுக்கு அருகில்தான் தீர்மானமாகிறது. அதனால்தான் ஒரு படகோட்டி அப்போது என்ன செய்யவேண்டும் என்பது வெறும் சுற்றுலாச் செய்தி அல்ல.

குமரி மாவட்டக் கடற்கரைப் பங்கு ஒன்றில் பணிசெய்யும் நம் குருமட நண்பரைப் பார்க்கப் போயிருந்தபோது, அங்கே ஒரு மீனவ அண்ணனோடு பேசினோம். வயது அறுபதுக்கு மேல். திமிங்கலத்தைப் பக்கத்தில் பார்த்ததுண்டா என்று கேட்டோம். அவர் வலை பின்னுவதை நிறுத்தவில்லை. "பாத்திருக்கோம் பாதர். மொதல்ல சத்தம்தான் வரும். லாரி டயர்ல காத்த தொறந்துவிட்ட மாதிரி. அப்புறம் நாத்தம். அழுகின மீன் நாத்தம். அதுக்கப்புறந்தான் முதுகு தெரியும்" என்றார். அது எந்த வகைத் திமிங்கலம் என்று அவர் சொல்லவில்லை, நாமும் ஊகிக்கவில்லை. நம் கடலில் வேறு வகைகளும் உண்டு. அந்த இரவில் அவருடைய தந்தை துடுப்பை எடுத்துப் படகின் விளிம்பை மெல்லத் தட்டிக்கொண்டே இருந்தாராம். "நாம இங்க இருக்கோம்னு அதுக்குத் தெரியணும்லா" என்று காரணம் சொன்னார்.

படிக்காத அந்தப் பெரியவர் செய்தது அறிவியலுக்கு ஒத்துப்போகிறது என்பதைப் பிறகு படித்தபோது அறிந்தோம். ஓங்கல் ஒலி எழுப்பி, அதன் எதிரொலியைக் கேட்டு எதிரே இருப்பதை அறியும். இந்தச் சீப்புவாய்த் திமிங்கலங்களுக்கு அப்படி ஒரு திறமை இருப்பதாகத் தெரியவில்லை. கேட்கும் சத்தத்தை வைத்துத்தான் படகு எங்கே என்று உணரும். சத்தமே இல்லாமல் மிதக்கும் படகின் அடியில், மீனைத் துரத்தி வரும் திமிங்கலம் தெரியாமல் மேலேறிவிடலாம். சிலியில் துடுப்புப் படகுக்கு நேர்ந்ததும் இதுவாக இருக்கலாம். அருகில் வந்துவிட்டால் எஞ்சினை முழுதாக அணைத்துவிடாமல், விசிறியைச் சுழலவிடாமல் மெல்ல ஓடவிடுங்கள் என்று பல நாடுகளில் படகோட்டிகளுக்குச் சொல்லிக்கொடுப்பது இதனால்தான்.

மற்றவையும் எளிமையானவை. திமிங்கலத்தின் எதிரேயோ பின்னாலேயோ போகக்கூடாது. பக்கவாட்டில், அது போகும் வேகத்தைத் தாண்டாமல் போகவேண்டும். தாய்க்கும் குட்டிக்கும் இடையில் படகைச் செலுத்தக்கூடாது. நீரின்மேல் எண்ணெய் ஊற்றியதுபோல் வழவழப்பான வட்டம் தெரிந்தால், அது சற்றுமுன் வாலை அடித்துப் போன இடம். வாலை முழுதாக மேலே தூக்கினால் ஆழத்துக்கு இறங்குகிறது என்று பொருள். சில நிமிடங்கள் மேலே வராது, அந்த நேரத்தில் படகை விலக்கிக்கொள்ளலாம். இலங்கையில் 2009-இல் போர் முடிந்தபின் மிரிஸ்ஸாவிலும் திருகோணமலையிலும் நீலத்திமிங்கலம் பார்க்கப் படகுகள் பெருகின. ஒரு திமிங்கலத்தைப் பல படகுகள் சூழ்ந்து துரத்துவதாகப் புகார் எழுந்தது. 100 மீட்டருக்குள் நெருங்கக்கூடாது என்று அந்நாட்டு அரசு 2012-இல் விதி செய்தது. விதி இருப்பது வேறு, கைப்பேசியில் படமெடுக்கத் துடிக்கும் பயணியை ஏற்றிய படகோட்டி அதைக் கடைப்பிடிப்பது வேறு.

வலையில் சிக்கிய திமிங்கலம் மிக ஆபத்தானது. அதற்கு நம்மேல் கோபம் இல்லை, மூச்சுக்காகப் போராடுகிறது. 2017 ஜூலையில் கனடாவில் ஒரு மீனவர், இந்த வேலையில் பல ஆண்டு அனுபவம் உள்ளவர், கயிற்றை அறுத்து ஒரு திமிங்கலத்தை விடுவித்தார். விடுபட்ட அந்தக் கணமே அது வாலைச் சுழற்றியதில் அவர் இறந்துபோனார். ஆகவே நீரில் குதித்து உதவ நினைப்பது தவறு. படகில் நின்றபடியே, வால் எட்டாத பக்கத்திலிருந்து, படகோடு இணைந்த வலையை அறுத்துவிட்டு விலகுவதே ஒரு சிறு படகு செய்யக்கூடியது.

இங்கேதான் அந்த மீனவ அண்ணன் பின்னுவதை நிறுத்திவிட்டு நம்மைப் பார்த்தார். "அறுக்கலாம் பாதர். வலை யாருது? முதலாளிது. கடன் யாருது? என்னுது." நம்மிடம் பதில் இல்லை.

நம் கடற்கரை மக்களுக்கு இந்த உயிர்கள்மேல் இரக்கம் இல்லை என்று யாரும் சொல்லமுடியாது. 2016 ஜனவரி 11 அன்று திருச்செந்தூரை அடுத்த மணப்பாடு, கல்லாமொழி, ஆலந்தலைப் பக்கக் கரைகளில் பைலட் திமிங்கலங்கள் எண்பதுக்கும் மேல் வந்து ஒதுங்கின. நம் கூன்முதுகுத் திமிங்கலத்தைவிட மிகச் சிறியவை, ஓங்கல் குடும்பத்தைச் சேர்ந்தவை. புனித சவேரியார் தங்கிய குகையும் திருச்சிலுவை ஆலயமும் உள்ள மணப்பாட்டில் நம் மக்கள்தான் பெரும்பாலோர். அங்கும் பக்கத்து ஊர்களிலும் மீனவர்கள் இரவெல்லாம் இடுப்பளவு நீரில் நின்று தள்ளினார்கள், கயிறு கட்டிப் படகால் இழுத்து ஆழத்தில் விட்டார்கள். விட்டவற்றில் பல மீண்டும் கரைக்கே வந்தன. கூட்டத்தில் மற்றவை கரையில் கிடக்கும்போது தாம் மட்டும் போக அவற்றுக்கு மனமில்லை போலும். கூட்டத்தை விட்டுப் பிரியாத குணம் இந்த இனத்துக்கு உண்டு. நாற்பதுக்கும் மேற்பட்டவை இறந்தன, கடற்கரையிலேயே குழிவெட்டிப் புதைத்தார்கள். 1973 ஜனவரியிலும் இதே மணப்பாட்டில் 147 ஒதுங்கின. அந்த இரவில் டீசல் செலவை யாரும் கணக்குப் பார்க்கவில்லை.

ஆனால் வலை அறுப்பது ஓர் இரவுச் செலவு அல்ல, ஓர் ஆண்டுப் பிழைப்பு. இதற்கு வழி கண்ட ஊர்களும் உண்டு. குஜராத் கரையில் திமிங்கலச் சுறாவைக் கொல்வது வழக்கமாக இருந்தது. பெயரில் திமிங்கலம் இருந்தாலும் அது மீன்தான். 2004-இல் அங்கே தொடங்கிய இயக்கத்துக்கு, இராம கதை சொல்லும் மொராரி பாபு துணைநின்றார். அந்தச் சுறா, பிரசவத்துக்குப் பிறந்த வீடு வரும் மகள் என்று அவர் மக்களிடம் சொன்னார். 'வஹாலி', அதாவது செல்லமானவள், என்று பெயர் வைத்தார்கள். மகளை வலையில் கொல்ல யாருக்கு மனம் வரும்? அதோடு நிற்கவில்லை, அறுத்த வலைக்கு வனத்துறை இழப்பீடும் கொடுத்தது. பேச்சும் பணமும் சேர்ந்து வந்தபின் நூற்றுக்கணக்கான சுறாக்களை அதே மீனவர்கள் விடுவித்திருக்கிறார்கள். மகாராஷ்டிரத்தில் 2018 டிசம்பர் முதல், காப்புக்குரிய உயிர்களை விடுவிக்க வலையை அறுத்தவருக்கு 25,000 ரூபாய்வரை கொடுக்கும் திட்டம் வந்தது. நம் தஞ்சை மாவட்டக் கரையை ஒட்டிய பாக் விரிகுடாவில்கூட, 2022-இல் கடற்பசுவுக்கான காப்பகம் அறிவித்தார்கள். சிக்கிய கடற்பசுவை விடுவித்த மீனவர்களுக்கு வனத்துறை பரிசு கொடுத்திருக்கிறது. திமிங்கலமும் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. சட்டம் இருக்கும்போது, அதைக் காப்பாற்றும் செலவு மட்டும் ஏன் ஒரு கூலி மீனவனின் தலையில் விழவேண்டும்? வெள்ளத்தில் பயிர் போனால் நிவாரணம் கேட்டு வட்டாட்சியர் அலுவலக வாசலில் நிற்கும் நமக்கு இந்தக் கேள்வியின் நியாயம் புரியாமல் போகாது.

லுபானின் முதுகில் வைத்த கருவி போன்றவை சில மாதங்களில் கழன்று விழுந்துவிடும். அதன்பின் அதை அடையாளம் காண வால் ஒன்றுதான் வழி. யாராவது ஒரு படகிலிருந்து அது வாலைத் தூக்கும் நேரம் பார்த்துப் படமெடுக்கவேண்டும். நம் மறைக்கல்விப் பிள்ளைகள் அந்த வாலை அட்டையில் வரைந்து, யோனா படத்துக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறார்கள். குமரிக்குப் போகும்போது அந்த அண்ணனிடம் கொடுக்கச் சொல்லி இன்னொன்றும் வரைந்து தந்திருக்கிறான் அந்தத் தம்பி. கீழே பெரிய எழுத்தில், "இத பாத்தா துடுப்ப தட்டுங்க" என்று எழுதியிருக்கிறான்.